புதுப்பிப்பு: வவுச்சர் குடும்பத்துக்கு வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று

சிகாகோவில் செக்‌ஷன் 8 வவுச்சரோடு (குறைந்த வருமானக் குடும்பங்களின் வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் உதவி) வரும் குடும்பத்துக்கு வீட்டை வாடகைக்கு விட என்னென்ன பார்க்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது குடிவந்துவிட்டார்கள்.

இழுத்தடித்தது, வவுச்சர் அலுவலகம் செய்யும் வீட்டு ஆய்வுதான். 1978க்கு முன், ஈயம் கலந்த பெயின்ட் அடித்துவந்த காலத்தில் கட்டிய வீடு, அவர்களுக்கோ மூன்று வயதுக் குழந்தை, அதனால் குழந்தைகளுக்குக் கெடுதலான ஈயம் இருக்கலாம் என்று சன்னல் சட்டத்தில் உரிந்திருந்த பெயின்ட்டைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். முறைப்படி சரிசெய்து மறு ஆய்வில் தேறிய பிறகுதான் வாடகை ஓடத் தொடங்கியது.

மற்றபடி நிம்மதி. அவர்கள் பங்கு வருமானத்தில் சுமார் 30 சதவீதம், மீதி அரசிடமிருந்து நேராக என் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. வீட்டை நாசமாக்குவார்கள் என்று பயமுறுத்தியவர்களே, படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்று எனக்கு முதலில் சொன்னதே அந்த அம்மாதான்!

அப்புறம், டெபாசிட் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது வவுச்சரில் சேராது, குடிவருபவர்களே கட்ட வேண்டும். நான் தவணையாக வாங்கிக்கொள்கிறேன்.