அணைக் கொள்கை: மூழ்கிய பக்கத்துப் பேச்சையும் வங்கிக்கு எழுதி அனுப்புவோம்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

பெரிய அணைகளுக்குக் கடன் கொடுக்கும் வளர்ச்சி வங்கி தன் கொள்கையைத் திருத்துகிறது, வரைவைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்ற அறிவிப்பைப் போன வாரம் குழுவில் போட்டிருந்தார்கள். "நமக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைவைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நம்மில் பாதிப் பேர் படித்ததே கீழ்பவானி வாய்க்கால் தண்ணியில்தான். அதற்குத் தண்ணி விடும் பவானிசாகர் அணை வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. வாய்க்கால் 200 கிலோமீட்டர், பாசனம் 2,07,000 ஏக்கர். ஒரு வருசம் ஒற்றைப்படை மதகுக்கு நஞ்சைத் தண்ணி, இரட்டைப்படைக்குப் புஞ்சைத் தண்ணி, அடுத்த வருசம் மாற்றி என்று முறை வைத்து விட்டார்கள். எங்க அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, காடு வாய்க்காலுக்குக் கீழே விழுந்தது. அதுவரைக்கும் கம்பும் சோளமும் மட்டும் பார்த்த மண் அது. அதில் நெல் விளைந்த பணத்தில்தான் அப்பா காலேஜுக்குப் போனார். அந்த அணையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்க அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஊர் அணைக்கு அந்தப் பக்கம், தண்ணி தேங்கி மூழ்கிய பக்கம். அம்மாயிக்குப் பதினாலு வயசில் ஊரே எழுந்து போனது. கடைசி வரைக்கும் அம்மாயி அதைச் சொல்லும்போது நிலத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றைத்தான் சொல்லும். "மரத்துக்கு மரம் எண்ணுனாங்க கண்ணு. வேம்பு இத்தன, புளி இத்தனைன்னு சுண்ணாம்புல நெம்பர் போட்டாங்க. ஆடு மேஞ்ச காட்ட ஒருத்தரும் எண்ணல. நம்ம கெணத்துல கவல ஓட்டிட்டு இருந்த அண்ணனுக்குச் சொந்தமா ஒரு சென்டு இல்ல, அவரு பேரும் எழுதல. எங்க போனாருன்னே தெரியல." கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணி இறைப்பது. மழை பொய்த்து அணை இறங்கும் வருசம் அணைக்குள் மூழ்கிய டணாய்க்கன் கோட்டையின் பழைய கோயில் சேற்றுக்கு மேலே தெரியும். ஒருதரம் அம்மாயியைக் கூட்டிப் போனேன். கரையில் நின்று கையை நீட்டி, அங்கே வீடு, அங்கே கெணறு என்று காட்டிக்கொண்டே வந்தது. கவலை ஓட்டிய அண்ணன் குடிசை இருந்த திசை வந்ததும் கையை இறக்கிக்கொண்டது.

ஒரே கல்யாணத்தில் தண்ணி வந்த வீடும் தண்ணிக்குள் போன வீடும் சம்பந்தம் செய்துகொண்டன. வங்கிக்கு நான் எழுதப்போவதும் இதைத்தான். நிலத்தைக் கொடுத்தவருக்கு ஒருதரம் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், அந்த அணைத் தண்ணி பாயும் ஆயக்கட்டிலேயே அவருக்கு நிலம் ஒதுக்க வேண்டும், முதல் தண்ணி அவருக்குப் பாய வேண்டும். எங்க அப்பாரு காட்டுக்கு வந்த தண்ணியில் அம்மாயி வீட்டுக்கு ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். கூலிக்காரர், குத்தகைக்காரர், ஆடு மாடு மேய்ப்பவர், ஆற்றில் மீன் பிடிப்பவர் எல்லாரையும் கல் நடுவதற்கு முன்னாலேயே பெயரோடு எண்ண வேண்டும். பட்டா கேட்டு ஆரம்பிக்கிற கணக்கெடுப்பில் கவலை ஓட்டிய அண்ணன் மறுபடியும் விட்டுப்போவார்.

இப்படி எழுதினால் கேட்பார்களா என்று சந்தேகப்படுபவர்களுக்குப் பழைய கதை ஒன்று. நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள் விடாமல் நின்றதால்தான் உலக வங்கி தான் கடன் கொடுத்த சர்தார் சரோவர் அணையைப் பற்றித் தனிக்குழு வைத்து விசாரித்தது. 1993இல் அந்தக் கடன் பாதியில் நின்றது. பாதிக்கப்பட்டவர்கள் நேராகவே புகார் கொடுக்கும் ஆய்வுக் குழுவையும் வங்கி அதே வருசம் அமைத்தது. பிறகு பெரிய அணைகளால் வந்த நன்மை தீமைகளை ஆராய உலக அணைகள் ஆணையம் வந்தது. 2000 நவம்பரில் லண்டனில் நெல்சன் மண்டேலா முன்னிலையில் வெளியான அதன் அறிக்கை, உலகம் முழுக்க அணைகளால் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்ந்தார்கள் என்று கணக்குச் சொன்னது. அந்த ஆணையம் தெற்காசியாவுக்கு வைத்த கருத்துக்கேட்பை இந்தியாவில் நடத்த முடியாமல் போய், 1998இல் கொழும்பில்தான் நடத்தினார்கள். அணை கட்டிய ஊர்க்காரன் பேசக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

அதனால் இடத்தையும் மொழியையும் பற்றியும் எழுதுங்கள். வரைவு ஆங்கிலத்தில் இருக்கிறது, கூட்டம் பெருநகரத்து ஓட்டலில் நடக்கிறது. சத்தியமங்கலம் சந்தைக்கு வருபவருக்கு அது எப்படித் தெரியும்? தமிழில் வரைவு வேண்டும், கூட்டத்தை அணையோரத்து ஊரில் வைக்க வேண்டும், அதுவும் திட்டம் முடிவாவதற்கு முன்னால்.

கட்டி முடித்த அணைகளையும் விடாதீர்கள். உலக வங்கிக் கடனில் 2012இல் தொடங்கிய அணைப் புனரமைப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் உண்டு, அதனால் இது எங்கோ நடக்கும் சமாச்சாரம் அல்ல. ஒரத்துப்பாளையம் அணையை நினைத்துப் பாருங்கள். பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டினார்கள், திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது, கீழே இருந்த விவசாயிகளே கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அணைக்கு மேலே என்ன கலக்கிறது என்று கடன் தீர்ந்த பிறகும் பார்க்க யாராவது இருக்க வேண்டும் என்று கொள்கையில் எழுதச் சொல்ல வேண்டும்.

ஊரில் பெரியவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு என் தம்பி அவர்கள் வீட்டுக்குப் போய்ப் போனில் பதிவு செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலம் வைத்து, சங்கத்தின் பெயரில் அனுப்பலாம். மெருகேற்ற வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். ஆங்கிலம் எழுத இரண்டு பேர் வேண்டும். அப்புச்சி, அம்மாயி வழியில் மூழ்கிய பக்கத்துச் சொந்தம் உள்ளவர்கள், வீட்டில் கேட்டது ஒரு வரியாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கவலை ஓட்டியவர் வழியினர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.