சைக்கிள் முன்விளக்கின் ‘கட்-ஆஃப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரவில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்விளக்குப் பகுதிக்கு வந்ததும் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி ‘டிம்’ போட்டுப் பாருங்கள். வெளிச்சம் ஓர் உயரம் வரை இருக்கும். அதற்கு மேல் சட்டென்று இருட்டு. நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல ஒரு கோடு; நம் ஊர் வண்டிகளில் அது இடப்பக்கம் சற்றே மேலேறும். இதைத்தான் ‘கட்-ஆஃப்’ என்கிறார்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசாது, வெளிச்சமும் சாலைக்குப் போய்ச் சேரும். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்று சட்டமே உண்டு. அங்கீகாரம் பெற்ற விளக்கில் நெளிகோட்டோடு ‘கே’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். சுவரில் விழும் அந்த ‘கட்-ஆஃப்’ கோட்டுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘வெளிச்ச-இருட்டு எல்லை’.

நம் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை டார்ச் லைட்டுக்கு ஒரு கிளிப் மாட்டியவைதான். நானும் ஒன்று வாங்கினேன். முதல் நாளே எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, நிறுத்தித் திட்டிவிட்டுப் போனார். திட்டியதில் தப்பில்லை. சாலையோரப் புளியமரத்தின் உச்சிக்கிளை வரை தெரிந்தது, முன்னால் இருந்த பள்ளம் தெரியவில்லை.

அட்டையில் ‘1000 லூமென், 4 மணி நேரம்’ என்று போட்டிருந்தது. லூமென் என்பது விளக்கு மொத்தமாகத் தரும் ஒளியின் அளவு. பேட்டரி 1200 எம்ஏஎச், அதாவது 1.2 ஆம்பியர்-மணி. அதைப் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 4.4 வாட்-மணி. நான்கு மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் 1.1 வாட். இந்த விலைக்கு வாட்டுக்கு 100 லூமென் கிடைத்தாலே பெரிது. ஆக நான்கு மணி நேரம் எரிவது 110 லூமென்தான். 1000 உண்மையென்றால் அரை மணிகூடத் தாங்காது. ஆனால் அந்த 110 லூமெனும் ஒழுங்காகச் சாலையில் விழுந்தால் நமக்குப் போதும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் பள்ளத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்கப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆகும். அவ்வளவு தூரம் தெரிந்தால் சரி.

கடையில் எல்லோரும் ‘எத்தனை லூமென்?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘கட்-ஆஃப் உண்டா?’ என்று கேட்பவர் இல்லை. கேட்கச் சொல்லித் தரலாம் என்றால் வாயில் நிற்கிற சொல் வேண்டும். என் மனத்தில் இருப்பது ‘ஒளிவெட்டு’. ‘ஒளிமட்டம்’ என்றும் யோசித்தேன்; கொத்தனார் பார்க்கும் மட்டம்போல நேராக இருப்பதால். ஆனால் ‘மட்டமான விளக்கு’ என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் யார் வாங்குவார்?

இன்னொரு சந்தேகம். பஸ், லாரி ஹெட்லைட்டில் வைக்கும் கறுப்புப் பொட்டுபோல, மலிவான விளக்கின் மேல்பாதியில் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் இந்தக் கோடு கிடைக்குமா?

* * *

அன்புள்ள தம்பிக்கு,

‘ஒளிவெட்டு’ வேண்டாம். மின்வெட்டைப் பார்த்துப் பழகிய ஊர் இது. ‘ஒளிவெட்டு உள்ள விளக்கு’ என்று எழுதினால் அடிக்கடி அணைந்துபோகும் விளக்கு என்றுதான் படிப்பார்கள்.

முதலில் டேப். ஒட்டிப் பார்த்தால் நீயே சொல்வாய். சுவரில் விழும் வட்டத்தில் மேல்பாதி மறையாது, முழு வட்டமும் மங்கும். லென்ஸின் ஒவ்வொரு பகுதியும் கிட்டத்தட்ட வட்டம் முழுவதற்கும் ஒளி அனுப்புகிறது. பாதியை மூடினால் எல்லா இடத்திலும் பாதி குறையும், அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பிரதிபலிப்பான் அல்லது லென்ஸின் வடிவத்திலேயே கட்டியிருக்கவேண்டும். பொட்டு வைத்து வராது.

‘கட்டியிருக்கவேண்டும்’ என்று எழுதும்போதே சொல் தோன்றிவிட்டது. நான் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன், பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். லூமெனில் அளப்பதைப் பாடநூலில் ஒளிப்பாயம் என்கிறோம். பாய்வது என்றால் எனக்கு முதலில் மடைதான் நினைவுக்கு வரும். மடையில் நொடிக்கு எவ்வளவு பாய்கிறது என்பது லூமென். வயலில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது லக்ஸ். ஜெர்மானியர்கள் சைக்கிள் விளக்கை 10 மீட்டர் தூரத்தில் லக்ஸில் அளப்பது இதனால்தான்: மடையில் எவ்வளவு வந்தால் என்ன, வயலில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பாய்ந்த தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போகாமல் நிறுத்துவது எது? வரப்பு. ஒளிவரப்பு என்று வை.

* * *

ஐயாவின் வரப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரேயொரு திருத்தம். எங்கட யாழ்ப்பாணத்தில் அதை வரம்பு என்றுதான் சொல்லுவோம், வயல் வரம்பு. ‘ஒளிவரம்பு’ என்றால் எங்களுக்கும் வயல்தான் தெரியும், தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் அந்நியமாக இராது. சின்ன வயசில் டைனமோவை ரயரில் சாய்த்துவிட்டு மிதிச்சு மிதிச்சு வந்த ஆள் நான். மெல்லமாகப் போனால் லைற் மங்கும், பள்ளம் வருகிற இடத்தில்தான் மெல்லமாகப் போகவும் வேணும்! அந்தக் காலத்தில் வரம்பைப் பற்றி யார் கேட்டது, வெளிச்சம் வந்தால் போதும்.

ஒரு தயக்கமும் உண்டு. வரம்புக்கு ‘உச்ச அளவு’ என்ற பொருளும் இருக்கே. வேக வரம்பு மாதிரி, ‘ஒளிவரம்பு 500 லூமென்’ என்று யாரும் எழுதிவிடுவினமோ?

* * *

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. டேப்பை நேற்றிரவே ஒட்டிப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே ஆனது. பிசின்தான் மிச்சம்.

அண்ணாவின் தயக்கம் நியாயமானது. ஆனாலும் ஒளிவரம்பையே எடுத்துக்கொள்கிறேன். உச்ச அளவைச் சொல்ல ‘அதிகபட்சம்’ ஏற்கெனவே இருக்கிறது, கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். அதோடு இந்தச் சொல் நன்றாக வளைகிறது. ‘ஒளிவரம்பு ஏறிவிட்டது, விளக்கைக் கொஞ்சம் குனிய வை’ என்று சொல்ல முடிகிறது. ஒளிவெட்டில் அப்படி வராது. டார்ச் வகைக்கு ‘வரம்பிலா விளக்கு’ என்று எழுதினேன்; ஏதோ பக்திப் பாட்டுபோல ஒலித்தது. அடித்துவிட்டு ‘வட்ட ஒளி விளக்கு’ என்று போட்டுவிட்டேன்.

கையேட்டில் இப்போது இருப்பது இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“கடையில் விளக்கை எரியவிட்டுச் சுவரில் அடித்துப் பாருங்கள். மேலே நேர்க்கோடாக முடிந்தால் ஒளிவரம்பு உண்டு. வட்டமாக விழுந்தால் இல்லை. விலை ஒன்றாக இருந்தால், லூமென் குறைவாக இருந்தாலும் ஒளிவரம்பு உள்ளதை எடுங்கள். வண்டியில் மாட்டியபின் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒளிவரம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழவேண்டும். வட்ட ஒளி விளக்குதான் கையில் இருக்கிறது என்றால், 5 மீட்டரில் வட்டத்தின் நடு, விளக்கின் உயரத்தில் பாதிக்கு இறங்கும்வரை குனிய வையுங்கள். அப்போது அது 10 மீட்டரில் சாலையைத் தொடும்.”

‘பீம்’ என்பதற்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ஒளிக்கற்றை என்று பாடநூலில் இருக்கிறது. ‘ஹை பீம்’ என்பதை உயர்கற்றை என்றால் பஸ் டிரைவர் சிரிப்பார். அவர் ‘பிரைட்டு’ என்கிறார். அதை அப்படியே விட்டுவிடலாமா?