ஏழு நாள் தலையிடி, இடப்பக்க வலிப்பு, சி.ரி. நோமல்: அடுத்து எதைப் பார்ப்பது?

கடலோரன் (கேள்வி)

தீவுப்பகுதி வைத்தியசாலை ஒன்றில் இருந்து எழுதுகிறேன். இங்கே சி.ரி. இல்லை, படம் எடுக்க யாழ்ப்பாணம் அனுப்பவேண்டும். நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முப்பது வயதுக்குட்பட்ட பெண். பிரஷர், சீனி, இதய வருத்தம் எதுவும் இல்லை. ஏழு நாளாகத் தலையிடி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. படுத்தால் கூடுகிறது, விடியப்புறம் மோசம். கடைசி இரண்டு நாள் சத்தி. இடையில் ஒரு தனியார் கிளினிக்கில் மைக்ரேன் என்று குளிசை கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் நாள் இடது காலில் தொடங்கி இடப்பக்கம் முழுக்கப் பரவிய வலிப்பு, ஏறக்குறைய மூன்று நிமிடம். அதன்பிறகு இடது காலின் பலம் 3/5 (5 என்றால் முழுப் பலம்), கை 4/5, முகம் கோணவில்லை. இரத்தச் சீனி 104, பிரஷர் 130/80, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இல்லை. படமருந்து (இரத்தக்குழாய்களை ஒளிரக் காட்டும் மருந்து) ஏற்றாமல் எடுத்த சி.ரி.யில் இரத்தக்கசிவு இல்லை, பாரிசவாத அடையாளமும் இல்லை என்று ரிப்போர்ட். வலிப்புக்குப் பின்னான பலவீனம் என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியே விட எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் மட்டத்தில் இன்னும் என்ன பார்க்கலாம்? திரும்ப அனுப்புவதென்றால் எதைக் கேட்டு அனுப்புவது?

நரம்புவழி

விடவே வேண்டாம் டொக்டர். வலிப்புக்குப் பின்னான பலவீனம் சாதாரணமாகச் சில மணித்தியாலங்களில், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். தெளிந்தாலும்கூட, வலிப்புக்கு முன் ஏழு நாள் இருந்த தலையிடிக்கு அது காரணம் சொல்லாது. மூளை நாளங்களில் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில்) குருதி உறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அது இல்லை என்று நிரூபிக்கும்வரை தேடவேண்டிய நோயாளி இவர்.

நீங்கள் எழுதியதிலேயே தடயம் இருக்கிறது. கை, முகத்தைவிடக் கால் கூடப் பலவீனம். வலிப்பும் காலில்தான் தொடங்கியது. அப்படியென்றால் பழுது மூளையின் உச்சியில், நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. அந்த இடத்தின் இரத்தம் வடிவது மேல் சஜிற்றல் சைனசுக்குள், அதாவது உச்சியின் நடுக்கோட்டில் ஓடும் பெரிய நாள வாய்க்காலுக்குள். முன்மூளை நாடி (மூளைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைத்தாலும் கால்தான் கூட விழும். ஆனால் நாடி அடைப்பு ஒரு நிமிடத்தில் வரும், ஒரு வாரம் தலையிடித்துக்கொண்டு வராது. நாள அடைப்பு மெல்ல மெல்லக் கட்டும், அழுத்தம் ஏறும், பிறகு வலிப்பு வரும். நாள உறைவு உள்ளவர்களில் 10 பேரில் 9 பேருக்குத் தலையிடி இருக்கும், 4 பேருக்கு வலிப்பு வரும். நாடி வழிப் பாரிசவாதத்தில் தொடக்கத்திலேயே வலிப்பு இந்த அளவுக்கு வராது.

இப்போதே செய்யக்கூடியது: விடுதியில் விளக்கை அணைத்துக் கண்ணின் பின்புறத்தை ஒப்தல்மொஸ்கோப்பால் பாருங்கள். பார்வைத்தட்டின் (பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடம்) மூக்குப்பக்க விளிம்புதான் முதலில் மங்கும். விளிம்பைக் கடக்கும் இரத்தக்குழாய் இடையில் மறைந்து தெரிந்தால் அது வீக்கம். நாளத் துடிப்பு தெரிந்தால் அந்த நேரத்தில் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை என்று எடுக்கலாம். தெரியாமல் இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது, சுகதேகிகள் சிலரிலும் அது தெரிவதில்லை. பிறகு இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள், கண் வெளிப்பக்கம் முழுதாகப் போகாவிட்டால் ஏறிய அழுத்தம் ஆறாம் மூளை நரம்பைப் பாதித்திருக்கலாம். காதையும் பாருங்கள்: சீழ் வடியும் காது பக்கவாட்டுச் சைனசை அடைக்கும். சிறுநீரில் புரதம் பாருங்கள், நெஃப்ரோற்றிக் நோயிலும் (சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடும் நோய்) இந்த உறைவு வரும். எப்.பி.சி. (முழு இரத்த அணு எண்ணிக்கை) கட்டாயம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை நம் பெண்களிடம் மிகச் சாதாரணம், அதுவும் ஒரு காரணி.

டி-டைமர் (உறைவு கரையும்போது இரத்தத்தில் கூடும் பொருள்) கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருந்தால் நிம்மதியடைய வேண்டாம்: தலையிடி மட்டும் உள்ளவர்களிலும், இரண்டு வாரம் கடந்தவர்களிலும் அது பொய் சொல்லும்.

கடைசிக் குழந்தை எப்போது பிறந்தது என்று கேட்டீர்களா? பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரம் மிக ஆபத்தான காலம். பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, வெயில் காலத்தில் அது எரியும் நெருப்பில் எண்ணெய். முதுகில் ஊசி போட்டுப் பிரசவம் நடந்திருந்தால் இன்னொரு குழப்பமும் வரும். ஊசித் தலையிடி எழும்பினால் கூடும், படுத்தால் குறையும். அந்தக் குணம் மாறி, படுத்தாலும் இடிக்கத் தொடங்கினால் ஊசியைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு நாளத்தைப் படம் எடுக்கவேண்டும்.

சாம்பல்நிழல்

படம் எடுக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கோரிக்கைப் படிவத்தில் "பாரிசவாதமா? இரத்தக்கசிவு உண்டா?" என்று எழுதினால் மருந்தேற்றாத சி.ரி.தான் கிடைக்கும், அந்தக் கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். "நாளச் சைனஸ் உறைவு சந்தேகம், சி.ரி. வெனோகிராம் தேவை" என்று எழுதுங்கள். வெனோகிராம் என்பது படமருந்து ஏற்றி நாளங்களைக் காட்டும் படம். கிரியற்றினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்தச் சோதனை) பெறுபேறு, கர்ப்பப் பரிசோதனை, முன்னர் படமருந்துக்கு ஒவ்வாமை உண்டா என்ற மூன்றையும் அதே தாளில் எழுதினால் ஒரு சுற்று அலைச்சல் குறையும்.

மருந்தேற்றாத படத்தில் உறைவு நேரடியாகத் தெரிவது மூன்றில் ஒருவருக்குத்தான். ஆனபடியால் அந்த "நோமல்" ரிப்போர்ட் பிழை என்று சொல்ல முடியாது, கேள்வி வேறாக இருந்தது. அதே படத்தைத் திரும்பத் திறந்து சைனசின் அடர்த்தியை அளக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக 50 முதல் 60 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு (சி.ரி.யில் அடர்த்தியின் அளவு) இருக்கும், 65க்கு மேல் போனால் சந்தேகப்படவேண்டும். ஒரு எச்சரிக்கை: நீர் வற்றியவரின் இரத்தமே அடர்த்தியாகத் தெரியும். அதனால் பி.சி.வி.யோடு (இரத்தத்தில் செவ்வணுக்கள் பிடிக்கும் சதவீதம்) சேர்த்துப் பார்க்கவேண்டும். அடர்த்தியைப் பி.சி.வி. சதவீதத்தால் வகுத்து 1.5ஐத் தாண்டினால் உறைவுப் பக்கம் சாயலாம். பி.சி.வி. 30 உள்ள சோகைக்காரரில் 60 அலகு இருந்தாலே அது கூடுதல்தான்.

வெனோகிராம் என்றால் 75 முதல் 100 மி.லி. படமருந்து, செக்கனுக்கு 3 முதல் 4 மி.லி. வேகம், ஊசி தொடங்கி 40 முதல் 45 செக்கனில் படம், உச்சந்தலையில் இருந்து கழுத்தின் முதல் முள்ளெலும்பு வரை. நாடிக்கான நேரத்தில் எடுத்துவிட்டால் நாளம் நிரம்பியிராது, இல்லாத உறைவு தெரியும். குறுக்குவெட்டில் சைனசின் சுவர் ஒளிர்ந்து நடு கறுப்பாக இருந்தால் அது வெற்று முக்கோணம், உறைவின் அடையாளம்.

எம்.ஆர்.ஐ. கிடைத்தால் நல்லது, ஆனால் இரண்டு பொறி. முதல் ஐந்து நாள் உறைவு ரி2 என்ற வகைப் படத்தில் கறுப்பாக, ஓடும் இரத்தத்தைப் போலவே தெரியும். உறைந்த இரத்தத்தை எடுத்துக்காட்டும் ரி2-ஸ்ரார் அல்லது எஸ்.டபிள்யூ.ஐ. வகைப் படம் சேர்த்தால் தப்பாது, மேற்பரப்பு நாளம் ஒன்று மட்டும் அடைத்த நோயாளிக்கு அதுதான் கைகொடுக்கும். இரண்டாவது, மருந்தேற்றாத எம்.ஆர்.வி.யில் (எம்.ஆர்.ஐ. வழி எடுக்கும் நாளப் படம்) இடது பக்கவாட்டுச் சைனஸ் காணாமல் போவது. பிறவியிலேயே ஒடுங்கிய சைனஸ் உள்ளவர்கள் நிறையப் பேர், அதை உறைவு என்று எழுதி ஆறு மாதம் இரத்தம் கரைக்கும் மருந்து கொடுப்பது அநியாயம். அந்தப் பக்க நாளம் வெளியேறும் மண்டையோட்டுத் துவாரமும் சிறிதாக இருந்தால் பெரும்பாலும் பிறவி ஒடுக்கம்.

நல்லூரடிப் பாமசி

நான் மருந்தாளர், படம் பற்றித் தெரியாது. ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கோ. "குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போடுறீங்களோ" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும், கலியாணம் ஆகாத பிள்ளையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டாரை வெளியில் அனுப்பிவிட்டு, "கோயிலுக்குப் போகத் தீட்டைத் தள்ளிப்போடக் குளிசை போட்டனீங்களோ, எத்தனை நாள்" என்று கேளுங்கோ.

அந்தக் குளிசை நோரெதிஸ்ரெரோன், 5 மி.கி., நாளுக்கு மூன்று. தீட்டு வரவேண்டிய திகதிக்கு மூன்று நாள் முன்னம் தொடங்குவது, நிறுத்தி இரண்டு மூன்று நாளில் தீட்டு வரும். இதில் ஈஸ்ரஜன் (உறைவைத் தூண்டக்கூடிய பெண் ஹோர்மோன்) இல்லை, ஆகவே உறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் இந்த அளவில் போட்டால் உடலுக்குள் ஒரு பகுதி எதினைல் ஈஸ்ரடயோல் என்ற ஈஸ்ரஜனாக மாறும். நாளுக்கு 10 முதல் 20 மி.கி. போடுபவரின் உடலில் 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ரஜன் உள்ள கூட்டுக் குளிசை போட்டதற்குச் சமமாக நிற்கும். கருத்தடைக்குக் கொடுக்கும் 0.35 மி.கி. அளவில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒரு கலியாண வீட்டுக்கு நாலு நாள் போடுவது வேறு. நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்தில் இருந்து தீர்த்தம் வரை தீட்டு வரக்கூடாது என்று தொடர்ந்து போடுபவர்கள் இருக்கிறார்கள். அதோடு ஆவணி வெயில், விரதம், தண்ணீரும் குடியாமல் வீதிப் பிரதட்டை. தனித்தனியே பார்த்தால் ஆபத்துச் சிறியது, போட்டவர்களில் மிக மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் வராது. எல்லாம் ஒரே உடலில் சேரும்போதுதான் பயம். காலில் முன்னர் உறைவு வந்தவர், குடும்பத்தில் இளவயதில் உறைவு உள்ளவர், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் மைக்ரேன் உள்ளவர், பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாதவர், இவர்களுக்கு வைத்தியரின் துண்டு இல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது. மெட்றொக்சிபுரொஜெஸ்ரெரோன் என்ற இன்னொரு குளிசை அப்படி ஈஸ்ரஜனாக மாறாது. தள்ளிப்போட்டே ஆகவேண்டும் என்பவருக்கு அது பொருந்துமா என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்லலாம்.

கடலோரன்

எல்லாருக்கும் நன்றி. மருந்தாளர் சொன்ன மாதிரியே கேட்டேன். மூன்று கிழமைக்கு மேல் நோரெதிஸ்ரெரோன், நாளுக்கு 15 மி.கி., கூடவே விரதம். தாயாருக்குக்கூடத் தெரியாது. பார்வைத்தட்டு இரண்டு பக்கமும் மங்கல். வெனோகிராமில் மேல் சஜிற்றல் சைனசின் நடுப்பகுதி அடைப்பு. ஆனால் இப்போது வலது பரைற்றல் (மூளையின் மேல் பக்கப்) பகுதியில் சிறிய இரத்தக்கசிவும் இருக்கிறது, முதல் படத்தில் இது இல்லை. நிறை 55 கிலோ, கிரியற்றினின் சரி, பிளேற்லற் 2,40,000. மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கும்போது இரத்தம் கரைக்கும் ஊசியா என்று வீட்டார் பயப்படுகிறார்கள்.

நரம்புவழி

பயம் நியாயமானது, பதிலும் தெளிவானது: கொடுக்கவேண்டும். இந்தக் கசிவு குழாய் வெடித்ததால் வந்தது இல்லை. வடிகால் அடைத்து, அழுத்தம் பின்னோக்கி ஏறி, சிறு நாளங்கள் தாங்காமல் கசிந்திருக்கிறது. அடைப்பு நீங்கினால்தான் கசிவும் நிற்கும். வீட்டாருக்கும் இதையே, வாய்க்கால் அடைத்தால் வரம்பு உடைக்கும் என்று சொல்லுங்கள், தோட்டம் செய்கிற ஊரில் உடனே விளங்கும். 1991இல் ஜேர்மனியில் இருந்து வெளிவந்த ஒரு சிறிய பரிசோதனையில் ஹெப்பரின் (உறைவைத் தடுக்கும் ஊசி) பெற்ற 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, பெறாத 10 பேரில் மூவர் இறந்தார்கள். எண்ணிக்கை சிறிது, ஆனால் அதன்பின் வந்த வழிகாட்டல்கள் எல்லாம் கசிவு இருந்தாலும் ஹெப்பரின் என்றே சொல்கின்றன.

எனொக்சபரின் என்ற ஹெப்பரின் வகை கிலோவுக்கு 1 மி.கி., 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலின் கீழ். இவருக்கு 55 மி.கி. 60 மி.கி. ஊசியை எடுத்து 0.05 மி.லி.யை வெளியேற்றிவிட்டு மிச்சத்தைப் போடவேண்டும். 40 மி.கி. ஊசிகளில் பெரும்பாலும் அளவுக்கோடு இல்லை, அதில் கண்ணளவு வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படும் என்று தோன்றினால் மட்டும், நிறுத்தியவுடன் வேகம் தணியும் சாதாரண ஹெப்பரினுக்குப் போகலாம்.

வலிப்பு வந்துவிட்டது, மூளையில் பழுதும் இருக்கிறது. எனவே வலிப்பு மருந்து லெவெற்றிறசெற்றாம் 1 கிராம் நாளத்தில், பிறகு 500 மி.கி. இரண்டு வேளை. பெனிற்றோயினையும் கார்பமசெப்பினையும் தவிர்க்கக் காரணம், பின்னால் கொடுக்கும் வோஃபரினோடு (உறைவைத் தடுக்கும் குளிசை) மல்லுக்கட்டும். வல்புரோவேற் பிள்ளை பெறும் வயதில் வேண்டாம். ஸ்ரெரோயிட் பயன் தராது, பெசெற் நோய், லூப்பஸ் போன்ற அழற்சி நோய் காரணமாக இருந்தால் ஒழிய.

தலையை 30 பாகை உயர்த்துங்கள். சேலைன் 0.9 சதவீதம் கொடுங்கள், 5 சதவீத டெக்ஸ்ரோஸ் வீக்கத்தைக் கூட்டும். மூளை வீக்கம் என்று தண்ணீரைக் கட்டுப்படுத்துவது இங்கே தலைகீழ் வைத்தியம், இரத்தம் இன்னும் தடிக்கும். மனிற்றோல் கண்மணி விரியும் அவசரத்துக்கு மட்டும், அதுவும் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும் இடைவெளிக்கு. ஜி.சி.எஸ். (சுயநினைவு நிலைக்கான புள்ளி) மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள். இரண்டு புள்ளி இறங்கினால் ஊசியை நிறுத்தி மீண்டும் சி.ரி., நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு உடனே அழைப்பு. மண்டையோட்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிடுவது உயிரைக் காப்பாற்றும். இளவயதினர் அதன்பிறகு வியக்கத்தக்க அளவு தேறுவார்கள், ஆகவே தயங்கி நேரம் போக்கக்கூடாது.

நிலை சீரானதும் வோஃபரின். எனொக்சபரினோடு குறைந்தது ஐந்து நாள் சேர்த்துப் போய், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) 2ஐத் தொட்டு 24 மணித்தியாலம் நின்றபிறகே ஊசியை நிறுத்துவது. இலக்கு 2 முதல் 3. காரணம் தற்காலிகமானது என்பதால் 3 முதல் 6 மாதம் போதும். டபிகட்ரான் என்ற இன்னொரு உறைவுத் தடுப்பு மருந்து 150 மி.கி. இரண்டு வேளையும் 2019இல் வோஃபரினோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது, ஐ.என்.ஆர். எடுக்கப் படகேறி வரவேண்டிய நோயாளிக்கு அதை யோசிக்கலாம். பாலூட்டும் தாய்க்கும் அன்ரிபொஸ்போலிப்பிட் நோயாளிக்கும் (உறைவைத் தூண்டும் எதிர்ப்பொருள் உடலிலேயே உண்டாகும் நோய்) அது கூடாது. பரம்பரை உறைவு நோயைத் தேடும் புரதம் சி, எஸ், அன்ரித்துரொம்பின் சோதனைகளை இப்போது அனுப்பவேண்டாம். உறைவும் ஊசியும் ஹோர்மோனும் அவற்றைக் குறைத்துக் காட்டும், பொய்யாக ஒரு பரம்பரை நோய் ஒட்டிக்கொள்ளும்.

நல்லூரடிப் பாமசி

வோஃபரின் தொடங்கினால் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி அனுப்புகிறார்கள். நிறுத்தத் தேவையில்லை, சோகை உள்ளவருக்கு அது கெடுதலும்கூட. ஒவ்வொரு கிழமையும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடச் சொல்லுங்கோ. ஒரு மாதம் விட்டுவிட்டு ஒரு நாள் சட்டி நிறையத் தின்றால்தான் ஐ.என்.ஆர். விழும். இடுப்பு நோவுக்கு டைக்ளோஃபெனக் வாங்க வரும்போது வோஃபரின் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கோ, இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும்.

நரம்புவழி

இன்னும் இரண்டு. பார்வைத்தட்டு வீங்கியிருப்பதால் கண் கிளினிக்குக்கு இப்போதே எழுதுங்கள், பார்வைப்புலம் அளந்து வைக்கவேண்டும். தலையிடி போனாலும் பார்வை மெல்லச் சுருங்கலாம், அப்போது அழுத்தத்தைக் குறைக்கும் அசெற்றசோலமைட் 250 மி.கி. இரண்டு வேளையில் தொடங்கலாம். மற்றது, விடுவிப்புத் தாளில் "ஈஸ்ரஜன் உள்ள குளிசையும், தீட்டைத் தள்ளும் அளவு நோரெதிஸ்ரெரோனும் இனிமேல் கூடாது, தீட்டுத் தவறிக் கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே வோஃபரினை நிறுத்தி எனொக்சபரினுக்கு மாற்ற வரவேண்டும்" என்று தமிழிலேயே எழுதிக்கொடுங்கள். பிற்காலத்தில் பிள்ளை பெறலாம், தடையில்லை. கர்ப்பகாலம் முழுக்கவும் பிறகு ஆறு வாரமும் தடுப்பு அளவில் ஊசி போடவேண்டிவரும். கருத்தடைக்குச் செப்பு லூப் பொருந்தும்.