"தொழில்நுட்ப வேலையின்மை" பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

"Technological unemployment" என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், "தொழில்நுட்ப வேலையின்மை" என்பதே போதும் என்று பலரும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு தடை. அந்தத் தொடரைப் படித்ததும், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்றுதான் மனம் போகிறது. நாம் சொல்ல வருவதோ, புதிய நுட்பம் வந்ததால் ஆட்களுக்கு வேலை இல்லாமல் போவது.

"பொறியால் வேலையிழப்பு" என்ற பரிந்துரையில் காரணம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இழப்பு என்பது ஒருவருக்கு நேர்வது; இன்மை என்பது ஒரு சமூகத்தின் நிலை. 1930இல் பொருளியலாளர் கெயின்ஸ் இக்கருத்தை விளக்கியபோது அந்த நிலையைத்தான் சொன்னார். உழைப்பை மிச்சப்படுத்தும் வழிகள் வேகமாக வருகின்றன, மிச்சமான உழைப்புக்குப் புது வேலை அதே வேகத்தில் கிடைப்பதில்லை என்றார். அது தற்காலிகமானது என்றும் நம்பினார். அப்புறம், மென்பொருளைப் பொதுவாகப் "பொறி" என்று சொல்வதில்லை.

"இயந்திர அச்சம்" என்ற பரிந்துரை மட்டும் வேண்டவே வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் வாதத்தை அந்தச் சொல்லே மனக்கோளாறு ஆக்கிவிடுகிறது. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் காலுறை பின்னும் சட்டகங்களை உடைத்த லுட்டியர்கள் இயந்திரத்தைக் கண்டு மிரண்டவர்கள் அல்லர். வில்லியம் லீ அந்தச் சட்டகத்தை உருவாக்கியது 1589இல். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதில்தான் பிழைத்தார்கள். கூலியைக் குறைத்த முதலாளிகளின் சட்டகங்களையும், அகலச் சட்டகத்தில் பின்னி வெட்டித் தைத்த மட்டமான காலுறைகளையும், தொழில் பழகாதவர்களை வேலைக்கு வைத்ததையுமே எதிர்த்தார்கள். 1812இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டக உடைப்புக்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் இயற்றியது. இயந்திரத்தால் எல்லாருக்கும் நன்மையே என்று முன்பு எண்ணியிருந்த பொருளியலாளர் ரிக்கார்டோ, 1821இல் தம் பொருளியல் நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரம் பற்றி ஒரு புது இயலையே சேர்த்தார். இயந்திரம் தங்களுக்குக் கேடு என்ற தொழிலாளர் கருத்து தப்பெண்ணம் அல்ல, பொருளியல் நெறிக்கு ஒத்ததுதான் என்று அதில் ஒப்புக்கொண்டார். தம் கருத்தை அச்சிலேயே மாற்றிக்கொண்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, என் பரிந்துரை: தொழில்நுட்பவழி வேலையின்மை. "மரபுவழி நோய்" என்றால் மரபால் வரும் நோய் என்று எல்லாருக்கும் புரிகிறது; "வழி" இங்கேயும் அந்த வேலையைச் செய்யும். சொல் நீளம்தான். கட்டுரையில் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு "நுட்பவழி வேலையின்மை" என்று சுருக்கிக்கொள்ளலாம். "தானியங்கு முறை பரவினால் நுட்பவழி வேலையின்மை கூடுமா?" என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு இடறவில்லை. பொருளியல் கற்பிப்பவர்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்து, மாணவர்கள் என்ன பொருள் கொண்டார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்