ஹோம் விசிட்டுக்கு முன் சிமுலேஷன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கம்யூனிட்டி நர்சிங் ஆசிரியை:
நர்சிங் மாணவர்களை ஹோம் விசிட்டுக்கு, அதாவது நோயாளியின் வீட்டுக்கே, அனுப்பும் முன், ஆய்வகத்தில் நாங்கள் அமைத்திருக்கும் ஒரு வீட்டுக்குள் அனுப்புகிறோம். நிஜம்போல் நடத்திப் பழகும் இந்தப் பயிற்சிதான் சிமுலேஷன். கட்டில், மருந்து டப்பா, கால் தடுக்கும்படி ஒரு விரிப்பு, வெளிச்சம் குறைந்த குளியலறை. நோயாளியாக ஒருவர் நடிப்பார். மேனிக்வின் என்ற பயிற்சிப் பொம்மை இதற்குப் போதாது. அதில் நாடி பார்க்கலாம், ஊசி போட்டுப் பழகலாம். ஆனால் "இப்ப வேண்டாம், அப்புறம் வாங்க" என்று அது வாசலில் நிறுத்தாது. வார்டில் நோயாளி நம் இடத்துக்கு வருகிறார், வீட்டில் நாம் அவர் இடத்துக்குப் போகிறோம். அந்த வித்தியாசம் வாசலிலேயே புரிந்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்சுலின் காட்சி. நோயாளிக்குச் சர்க்கரை கட்டுப்படவில்லை. டப்பாவில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும், 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சும் இருக்கும். அந்த சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் அதே 20 வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. "ஊசி ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்பவருக்கு "போடுறேனே" என்ற பதில்தான் கிடைக்கும். "எப்படிப் போடுறீங்கன்னு எனக்குக் காட்டுங்களேன்" என்று கேட்பவர்தான் கண்டுபிடிப்பார். வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் இது பதியவில்லை, இந்த வீட்டில் பதிகிறது.

இறுதியாண்டு மாணவி:
எனக்குக் கிடைத்தது ரத்த அழுத்தம் பார்க்கும் காட்சி. டிவி சத்தமாக ஓடுகிறது, பேரன் வேடத்தில் இருப்பவர் குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறார். ஐந்து நிமிடம் ஓய்வாக உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை அடுத்தவர் வீட்டில் அவர்கள் மனம் கோணாமல் கேட்டு வாங்குவது தனித் திறமை. அப்புறம் நடந்த டீப்ரீஃபிங் (நடந்ததை எல்லாரும் சேர்ந்து பேசி அலசுவது) காட்சியைவிட நீளம். "அந்தப் பெரியவர் எதையோ சொல்ல வந்து நிறுத்தினார், கவனித்தீர்களா?" என்று மேடம் கேட்டார். மாத்திரை வாங்கப் பணம் இல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நோயாளியாக நடிப்பவர்:
அந்தப் பெரியவர் போன்ற வேடங்கள் எனக்கும் பழக்கம். கேட்காததைச் சொல்லக்கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் விதி. மருத்துவக் கல்வியில் 1963-இலேயே ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக ஒருவரை நடிக்கவைத்துக் கற்பிக்கும் இந்த முறையைத் தொடங்கியிருக்கிறார். காட்சி முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு, எனக்கு எங்கே நம்பிக்கை வந்தது, எங்கே வாயை மூடிக்கொண்டேன் என்று மாணவரிடம் நேராகச் சொல்வேன். என்னைப் பார்க்காமல் படிவத்தையே பார்த்து எழுதியவரிடம் எதையும் சொல்லத் தோன்றவில்லை என்றால், அதையும் சொல்லிவிடுவேன்.

கம்யூனிட்டி நர்சிங் ஆசிரியை:
இதைத்தான் எந்த மதிப்பெண் தாளாலும் தர முடியாது. நன்றி. ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2014-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, தரமான சிமுலேஷன் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை ஈடுசெய்யலாம் என்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான டீப்ரீஃபிங்கும் இருந்தால்தான் அது பொருந்தும். அதைக் காட்டி கம்யூனிட்டி போஸ்டிங்கை, அதாவது மாணவர்கள் ஊருக்குள் போய்ப் பெறும் பயிற்சியை, குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். நிஜ வீடுகளுக்குப் போவதற்குத்தான் இந்தத் தயாரிப்பே.

அடுத்து குடும்ப வன்முறை பற்றி ஒரு காட்சி எழுதிக்கொண்டிருக்கிறேன். கணவர் பக்கத்திலேயே நிற்கும்போது அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வழி தேடுவதுதான் மையம். மாணவர்களில் யாருக்காவது அது சொந்த வேதனையாக இருக்கலாம் என்பதால், முன்கூட்டியே சொல்லி, விலகிக்கொள்ள வாய்ப்பும் தரப்போகிறேன். இப்படி ஒரு காட்சி நடத்தியவர்கள் இருந்தால், நடிப்பவரை எப்படித் தயார் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.