தென்னாப்பிரிக்காவுல நம்ம வீட்டுப் போன் தெரியாத நம்பர்ல அடிச்சா எடுக்கணுமா, விடணுமா?

குமரன், சாட்ஸ்வர்த்
அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, தனியா இருக்காங்க. வீட்டுல பழைய லேண்ட்லைன், கையில ஒரு செல். விடிஞ்சா போதும், ஃபியூனரல் பாலிசி (ஈமச்சடங்குச் செலவுக்கான காப்பீடு) வேணுமா, கடன் வேணுமா, செல் கான்ட்ராக்ட்டை மாத்திக்கிறீங்களான்னு ஒரே தொல்லை. அது கூடப் போகட்டும். போன வாரம் வந்தவன் வேற மாதிரி. "உங்க பேங்க்ல மோசடித் தடுப்புப் பிரிவுல இருந்து பேசறேன்மா"ன்னு ஆரம்பிச்சு, அம்மாவோட ஐடி நம்பர் பதிமூணு இலக்கத்தையும் தப்பில்லாம ஒப்பிச்சிருக்கான். யாரோ உங்க கார்டுல ஜோஹன்னஸ்பர்க்ல டிவி வாங்கறாங்க, 4,999 ராண்ட், நிறுத்தணும்னா பேங்க் ஆப்ல இப்போ ஒரு மெசேஜ் வரும், உடனே பச்சைப் பட்டனை அழுத்துங்கன்னு ஒரே அவசரம். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கிட்டிருந்த நேரத்துல பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாங்க. விஷயம் புரிஞ்சதும் போனை வாங்கி வச்சுட்டாங்க.

லேண்ட்லைனைப் பிடுங்கிடலாம், செல்லுல நாம பதிஞ்சு வச்ச நம்பர் தவிர எதுவும் அடிக்காம செட் பண்ணிடலாம்னு தங்கச்சி பிடிவாதமா நிக்கிறா. எனக்கு மனசு ஒப்பலை. உங்க வீட்டுல என்ன பண்றீங்க?

வெங்கி_மிட்ராண்ட்
தங்கச்சி சொல்றதுதான் சரி பாஸ். தெரியாத நம்பர்ல இருந்து கடைசியா எப்போ நல்ல சேதி வந்துச்சு? ஐபோன்ல தெரியாத நம்பரை அடிக்கவே விடாம ஊமையாக்குற வசதி இருக்கு. ஆண்ட்ராய்டுன்னா, யார் கூப்பிடறாங்கன்னு காட்டற ட்ரூகாலர் ஆப் போடுங்க, ஸ்பாம்னா சிவப்பாவே காட்டும். வேணும்கிறவங்க வாட்ஸப்ல மெசேஜ் போடட்டும். வயசானவங்க கிட்ட "பாத்துப் பேசும்மா"ன்னு புத்தி சொல்றதெல்லாம் வேலைக்கு ஆகாது.

தர்ஷினி, பீட்டர்மரிட்ஸ்பர்க்
வெங்கி, நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். ராவு ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு ஏலாமல் வந்திட்டால் வார்டுப் போனில இருந்துதான் வீட்டுக்கு அடிக்கிறம். எங்கட நம்பர் உங்கட செல்லில விழாது, "நம்பர் இல்லை" எண்டுதான் காட்டும். அடிச்சு அடிச்சுப் பார்க்கிறம், ஆக்கள் எடுக்கினமில்லை. விடிஞ்சாப் பிறகு வந்து நின்று, ஏன் சொல்லேல்லை எண்டு எங்களைத்தான் ஏசுகினம். வார்டில நிண்டுகொண்டு வாட்ஸப் அனுப்ப ஏலுமோ? நல்ல சேதி வராதுதான். கெட்ட சேதியும் ஒருத்தருக்கு வேணும் தானே?

வெங்கி_மிட்ராண்ட்
அக்கா, நீங்க சொல்றது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. திருடன் தினமும் வர்றான்.

பீனிக்ஸ் தாத்தா
இங்க எல்லாரும் கிழவர் கிழவிகளுக்கு விதி போடறீங்க, கிழவன் ஒருத்தன் பேசட்டும். என் போனை எடுக்காதேன்னு என் பிள்ளையே சொன்னாலும் கேட்க மாட்டேன். பேங்க்னு ஒருத்தன் கூப்பிட்டா எனக்குக் கொண்டாட்டம். "இருப்பா, கார்டு உள்ள இருக்கு"ன்னு ரிசீவரை மேஜை மேல வச்சுட்டு, ரசத்துக்குத் தாளிச்சு இறக்கிட்டு வருவேன். இன்னும் காத்துக்கிட்டிருப்பான். "எந்தக் கார்டு கேட்டே, லைப்ரரி கார்டா?"ம்பேன். கெட்ட வார்த்தையில திட்டிட்டு வைப்பான். என் கிட்ட வீணாக்கின நேரத்துல வேற ஒரு ஏமாளியைப் பிடிக்க முடியாம போச்சில்ல?

லெனேசியா அக்கா
ஐயா, உங்க தைரியம் சரி. ஆனா அவனுக்கு நீங்க கொடுக்கிறது நேரம் மட்டும் இல்லை. எடுக்கிற ஆள் இந்த நம்பர்ல இருக்கார், வயசானவர், பகல்ல வீட்டுல இருக்கார், அவன் சொன்ன பேங்க்ல கணக்கு இல்லைன்னு மறுக்கலை. இவ்வளவும் அவன் குறிச்சுக்குவான். இன்னைக்குத் தோத்துப் போனவன் அந்தக் குறிப்பை நாளைக்கு இன்னொருத்தன் கிட்டத் தள்ளிவிடலாம்.

குமரன், ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பாதீங்க. தொல்லை வேற, திருட்டு வேற. தொல்லைக்குச் சட்டம் இருக்கு. 2008-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நேரமே போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை, பொது விடுமுறை நாள்ல கூப்பிடவே கூடாது. சனிக்கிழமை காலை 9 மணியில இருந்து பகல் 1 மணி வரைக்கும்தான். மத்த நாள்ல ராத்திரி 8 மணிக்கு மேல காலை 8 மணி வரைக்கும் கூடாது. இப்படிக் கூப்பிட்டு வித்த பொருளை 5 வேலை நாளுக்குள்ள எழுத்துல கொடுத்து ரத்து பண்ணலாம், காரணம் சொல்ல வேண்டாம். அப்புறம் போபியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூலை 1-ல இருந்து கட்டாயம். உங்க சம்மதம் இல்லாம விளம்பரத்துக்குத் தொடர்பு கொள்ளக் கூடாது. "போன் கால் இதுல வராது"ன்னு கம்பெனிகள் ரொம்ப நாளா சாக்குச் சொன்னாங்க. வரும்னு தகவல் ஒழுங்காற்று ஆணையம் 2024 டிசம்பர்ல குறிப்பே வெளியிட்டுட்டாங்க. அபராதம் ஒரு கோடி ராண்ட் வரைக்கும் போகலாம்.

வெங்கி_மிட்ராண்ட்
அக்கா, அம்மா கிட்ட டிவி கதை சொன்னவன் போபியா படிச்சுட்டா கூப்பிட்டான்? சிம் வாங்க ரிகா சட்டப்படி ஐடியும் முகவரியும் கொடுக்கணும்னு சொல்றாங்க. டாக்ஸி ஸ்டாண்ட்ல போய்ப் பாருங்க, யாரோ பேர்ல ஏற்கெனவே பதிஞ்ச சிம்மைக் கையில வச்சு வித்துக்கிட்டிருப்பான். எந்தச் சட்டம் அவனைப் பிடிச்சுது?

லெனேசியா அக்கா
திருடனைச் சட்டம் தடுக்கும்னு நான் எங்கே சொன்னேன்? தொல்லைக்குச் சொன்னேன். தொல்லை குறைஞ்சாத்தான் திருடன் கூப்பிடறது தனியாத் தெரியும். நாள் பூரா அடிச்சுக்கிட்டே இருக்கிற போன்ல எது எதுன்னு அந்த அம்மா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

டோங்காட் பையன்
நான் உம்ஷ்லாங்காவுல ஒரு கால் சென்டர்ல இருந்தவன், உள்ளே நடக்கிறதைச் சொல்றேன். நம்பரை நாங்க அடிக்கிறதில்லை. டயலர்னு ஒரு மெஷின் ஒரே நேரத்துல பல பேருக்கு அடிக்கும், முதல்ல எடுக்கிறவங்களை எங்க ஹெட்செட்ல தள்ளும். பேச இருக்கிற ஆளை விட அதிகம் பேர் போனை எடுத்துட்டா மிச்சப் பேருக்கு வெறும் அமைதிதான் கேட்கும். எடுத்தா சத்தமே இல்லாம கட் ஆகுதே, அது பேயும் இல்லை, திருடன் நோட்டம் பாக்கிறதும் இல்லை, பெரும்பாலும் இதுதான்.

இன்னொண்ணு. நீங்க ஒண்ணும் பேசாம டக்குனு வச்சுட்டா, கால் முடிஞ்சதும் எங்க ஸ்கிரீன்ல "துண்டிக்கப்பட்டது"ன்னு போடுவோம். நான் இருந்த இடத்துல அந்த நம்பர் திரும்பவும் லிஸ்ட்ல ஏறிடும். சாயங்காலம் வேற ஒருத்தன் கூப்பிடுவான். "எனக்கு வேண்டாம், என் நம்பரை எடுத்துடுங்க, உங்க பேரும் கம்பெனி பேரும் சொல்லுங்க"ன்னு நிதானமாச் சொன்னா, அதுக்குத் தனிப் பட்டன் இருக்கு. அழுத்தியே ஆகணும், கால் ரெக்கார்ட் ஆகுது. அதனால வச்சுடுங்கன்னு சொல்றதும் தப்பு, திட்டுங்கன்னு சொல்றதும் தப்பு.

திட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உட்கார்ந்திருக்கிறது நம்ம ஊர்ப் பசங்கதான். நாட்டுல வேலை தேடறவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு வேலை இல்லை. கமிஷனை நம்பி உட்கார்ந்திருக்கிறவன் அவன்.

வெங்கி_மிட்ராண்ட்
தம்பி, உன் கஷ்டம் புரியுது. ஆனா "நிதானமா மூணு வரி பேசுங்க"ன்னு நீ சொல்றதைக் கேட்டுட்டு ஒரு அம்மா திருடன் கிட்டயும் நிதானமா மூணு வரி பேசுவாங்க. அவனுக்கு அது போதும். உன் லாபம் எங்க அம்மா தலையில.

டோங்காட் பையன்
உங்க ட்ரூகாலர் மட்டும் என்ன யோக்கியம்? யார் வேணும்னாலும் யார் நம்பரையும் ஸ்பாம்னு அமுக்கலாம். வீட்டுக்கு வந்து வயசானவங்களைக் குளிப்பாட்டி விடற ஒரு அக்கா புது சிம் வாங்கினாங்க. அதுக்கு முன்னாடி அந்த நம்பரை வச்சிருந்தவன் யாரோ ஸ்பாம்னு பேர் வாங்கிட்டுப் போயிருக்கான், இந்த அக்கா கூப்பிட்டா எல்லார் போன்லயும் சிவப்புதான். யாரும் எடுக்கறதில்லை, வேலையும் போச்சு. திருடனுக்கு என்ன கவலை, சிவப்பானா அடுத்த சிம். பேங்கோட சொந்த நம்பரையே காட்டிக் கூப்பிடவும் வழி இருக்கு, அப்போ உங்க ஆப் அவனுக்கு பேங்க் பேரே போட்டுக் கொடுக்கும். லேண்ட்லைன்ல அந்த ஆப்பும் கிடையாது.

குமரன், சாட்ஸ்வர்த்
எனக்குப் பயமே அந்த ஐடி நம்பர்தான். அது அவன் கையில எப்படிப் போச்சு? அம்மா இன்னும் "அவ்வளவு சரியாச் சொன்னானே, பேங்காத்தான் இருக்கும்"ங்கிறாங்க.

லெனேசியா அக்கா
அம்மா கிட்ட இதைச் சொல்லுங்க. முதல் ஆறு இலக்கம் அவங்க பிறந்த தேதி, அது உறவுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். மிச்சத்துக்கும் திருடன் கஷ்டப்பட வேண்டாம். 2020-ல எக்ஸ்பீரியன் கடன் தகவல் நிறுவனம், வாடிக்கையாளர் மாதிரி நடிச்ச ஒரு மோசடிக்காரன் கிட்ட சுமார் 2.4 கோடிப் பேரோட விவரத்தை ஒப்படைச்சிருச்சு. பேப்பர்லயெல்லாம் வந்தது. ஐடி நம்பர் தெரிஞ்சவன் எல்லாம் பேங்க்காரன்னா நாட்டுல பாதிப் பேர் பேங்க்காரன்தான்.

இன்னொரு வேலை இருக்கு, காசு கிடையாது. எஸ்ஏஎஃப்பிஎஸ்னு மோசடித் தடுப்புச் சேவை ஒண்ணு இருக்கு. அங்கே அம்மா ஐடியைப் பாதுகாப்புப் பதிவுல போட்டு வச்சிடுங்க. யாராவது அவங்க பேர்ல கடன் கேட்டா, கொடுக்கிறவங்களுக்கு எச்சரிக்கை தெரியும், இன்னும் நல்லா விசாரிப்பாங்க.

பீனிக்ஸ் தாத்தா
லெனேசியாப் பொண்ணு சொன்னதை யோசிச்சுப் பார்த்தேன், விளையாட்டை நிறுத்திக்கிறதா இல்லையான்னு அப்புறம் சொல்றேன். ஆனா குமரா, உங்க அம்மாவுக்கு அந்த நம்பர் இந்த நம்பர்னு பாகுபாடு சொல்லிக்கொடுக்காதே. எங்க வயசுல அது நிக்காது. ஒரே விதி போதும். அவன் கூப்பிட்ட போன்ல பணம் பேசக் கூடாது. பேங்கா இருக்கட்டும், போலீஸா இருக்கட்டும், பேரனா இருக்கட்டும், "சரிப்பா, நான் திரும்பக் கூப்பிடறேன்"னு சொல்லி வச்சுடணும். கூப்பிட வேண்டிய நம்பர் அவன் சொல்றது இல்லை, கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கிறது. அது எறும்பு சைஸ்ல இருக்கு. தடிமனா மார்க்கர்ல எழுதி போன் பக்கத்துச் சுவத்துல ஒட்டு. நிஜ பேங்க் கோவிச்சுக்காது. கோவிச்சுக்கிட்டா, அவசரப்படுத்தினா, வைக்காதீங்கன்னு கெஞ்சினா, அதுலயே தெரிஞ்சு போகும் யார்னு.

வெங்கி_மிட்ராண்ட்
தாத்தா சொல்றது நல்ல விதி, ஒத்துக்கறேன். ஆனா பதட்டத்துல எந்த விதி ஞாபகம் வரும்? அம்மா கண்ணாடியைத் தேடப் போனாங்களே, விதியைத் தேடிப் போகலையே. பேங்க் ஆப்பை அம்மா போன்ல இருந்தே எடுத்துட்டு, பெரிய தொகைக்குச் சம்மதம் கேக்கிற மெசேஜ் எல்லாம் குமரனோட போன்ல மட்டும் வர்ற மாதிரி பண்ணுங்க. லேண்ட்லைனையும் பிடுங்குங்க. அதுல நான் மாற மாட்டேன்.

குமரன், சாட்ஸ்வர்த்
ஆப்பை எடுத்துடறது நல்ல யோசனை, அம்மா அதுல பேலன்ஸ் கூடப் பாக்கிறதில்லை. லேண்ட்லைன் விஷயத்துல தங்கச்சியும் வெங்கி பக்கம்தான். பெரியம்மா தினமும் அதுலதான் கூப்பிடறாங்க, இருந்தாலும் பிடுங்கிடுவோம் போல இருக்கு.

தர்ஷினி, பீட்டர்மரிட்ஸ்பர்க்
பிடுங்கிறது எண்டால் பிடுங்குங்கோ. ஆனால் கிளினிக்கிலயும் ஆஸ்பத்திரியிலயும் அம்மாவின்ர ஃபைலில இருக்கிறது அந்த லேண்ட்லைன் நம்பராத்தான் இருக்கும். முதல்ல போய் அதை வெட்டிப்போட்டு உங்கட செல் நம்பரை எழுதுவியுங்கோ, தங்கச்சியின்ர நம்பரையும் கீழ போடச் சொல்லுங்கோ. பிறகு, நம்பர் இல்லாத கோல் வந்தால் நீங்கள் ரெண்டு பேரும் எடுக்க வேணும்.