கூத்து திரும்பிவிட்டது, பிள்ளைகள் திரும்பவில்லை: வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (செய்யாற்றங்கரை):
வணக்கம். செய்யாறு பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், எங்கள் ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியார் வீட்டுத் திண்ணையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து கற்பித்துவந்தோம். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு, பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீளும் எங்கள் பருவத்தை அப்படியே விழுங்கியது. 2021 மே மாதத்தில் மறுபடியும் அதே நிலை. இப்போது திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பழையபடி நடக்கின்றன. ஆனால் பதினான்கு பேர் இருந்த வகுப்பில் இன்று நான்கே பேர். விடிய விடிய ஆடும் கூத்துக்குப் பதிலாக இரண்டு மணி நேரச் சுருக்கத்தைக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் வருவார்களா?

பதில் (பின்பாட்டுக்காரன்):
கூத்து திரும்பியதற்கு நாம் காரணமில்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்ட திருவிழாவை ஊரார் எத்தனை ஆண்டு தள்ளிப்போட முடியும்? பயிற்சிக்கு அப்படி வேண்டுதல் எதுவும் கிடையாது. என் தம்பி மகன் 2020இல் பன்னிரண்டு வயதுப் பையன். அபிமன்யு வேடத்துக்கு உச்சத்தில் பாடுவான். பருவம் இரண்டு கழிந்து, கூத்தாடும் களரியில் நின்றபோது குரல் உடைந்துவிட்டிருந்தது. அந்த வேடத்தை அவன் ஒருமுறைகூட ஆடவில்லை. உங்களிடம் வராத பத்துப் பேரில் சிலராவது இப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். அவர்களை வேறு வேடத்துக்கோ தாளத்துக்கோ அழைத்துப் பாருங்கள்.

சுருக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. நாங்கள் யாரும் வகுப்பில் கற்றவர்கள் அல்லர். பின்பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கி விழுந்து, கதையை நடத்திச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரனின் பகடிக்கு விழித்து, பதினெட்டாம் போர் முடிந்து, துரியோதனன் வீழும் படுகளச் சடங்குக்குப் போகும்போது பாதிப் பாட்டு மனப்பாடமாகியிருக்கும்.

பதில் (அரசுப் பள்ளி ஆசிரியை):
ஐயா சொல்வது சரி, ஆனால் இரவெல்லாம் விழித்த பிள்ளை மறுநாள் என் வகுப்பில் மேசையில் தலைவைத்துத் தூங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும், நவம்பரில் சிறுவகுப்புகளும் திறந்தபோது, விட்ட பாடத்தைப் பிடிக்கவே பெற்றோர் பிள்ளைகளைச் சனிக்கிழமையும் தனிவகுப்புக்கு அனுப்பினார்கள். உங்கள் திண்ணை காலியானது அப்படித்தான். 2022இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய கலைத் திருவிழா ஒரு வழி. பள்ளிக்கு வந்து கீசகவதத்தில் ஒரு காட்சியை மட்டும் பழக்குங்கள். ஆசைப்பட்ட பிள்ளை மே விடுமுறையில் தானே திண்ணைக்கு வரும்.

பதில் (முகவீணை):
வேடக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். முகவீணை என்ற சிறு குழல் வாத்தியத்தை ஊத ஆள் எங்கே? மூச்சை அறுக்காமல் ஊதப் பழகவே ஆண்டுக்கணக்காகும். நான்கு பேரில் ஒருவனையாவது இந்தப் பக்கம் அனுப்புங்கள்.

செய்யாற்றங்கரை:
அனைவருக்கும் நன்றி. மே விடுமுறைக்கு முன் பள்ளியில் பேசிவிடுகிறேன். நேற்று வகுப்பின் வேடப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடந்ததில் தோளில் கட்டும் புஜக்கட்டையின் மரம் உளுத்து, கண்ணாடிச் சில்லுகள் துணியோடு உரிந்து வந்தன. வந்திருந்த நால்வரும் அவற்றை ஒட்ட உட்கார்ந்தார்கள், இருட்டும் வரை எழவில்லை. அவர்களில் ஒருத்தி, முகவீணையை ஊதிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.